மூடியைத் திறந்துதான் பற்றவைத்தேன்

1

இங்கே ஆயுத பூஜை வசந்த காலத்தில் வருகிறது. நம் ஊரில் மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வரும் அதே வாரத்தில், மெல்பர்னில் குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்க்கும். வெள்ளைக்காரர்கள் அரைக்கால் சட்டைக்கு மாறுவார்கள். கொல்லைப்புறத்தில் நாலைந்து மாதமாகப் போர்த்தி வைத்திருந்த காஸ் அடுப்பை வெளியே இழுத்து விடுவார்கள். எனக்கு இது ஒரு வசதி. அடுப்பைத் துடைக்கிற வேலையும் அதற்குப் பொட்டு வைக்கிற வேலையும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

இந்த அடுப்பு எப்படி இருக்கும் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பார்பெக்யூ என்கிறார்கள். நாலு கால், அதில் இரண்டுக்குச் சக்கரம். மேலே இரும்புக் கம்பிகள் அடுக்கிய ஒரு பெட்டி, அதற்குக் கீல் வைத்த கனமான மூடி. கீழே காஸ் சிலிண்டர். சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் மேலே போகும். நடுவில் ரெகுலேட்டர் என்று மசால்வடை அளவுக்கு வட்டமாக ஒரு சாமான் இருக்கும். காஸ் சீறிக்கொண்டு வராமல் நிதானமாக வரும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. வெட்டவெளியில் நின்று, ஒரு கையில் கிளாஸும் ஒரு கையில் இடுக்கியுமாக ஆண்கள் சமைப்பார்கள். வீட்டுக்குள் ஒரு முட்டை உடைக்கத் தெரியாதவன்கூட இதன் முன்னால் நின்றால் பெரிய சமையல்காரன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த முதல் வருஷமே இதை வாங்கிவிட்டேன். கட்டில் வாங்குவதற்கு முன் வாங்கினேன். என் மனைவி சரோஜா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் இது வேண்டவே வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அவள் பத்தடி தள்ளித்தான் நிற்பாள். நான் ஒவ்வொரு முறையும் மூடியை முழுக்கத் திறந்து, பின்னால் சாய்த்து, அவள் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியை உரசுவேன்.

அதற்குக் காரணம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் மாமல்லபுரத்தில் நான் மூடியைத் திறக்காமல் பற்றவைத்தேன் என்று ஒருவர் சாட்சி சொன்னார். சொன்னது என் சொந்த மச்சான், சரோஜாவின் அண்ணன் கஜேந்திரன். அது பொய். நான் மூடியைத் திறந்துதான் பற்றவைத்தேன். அதை யாராவது பார்க்கட்டும் என்றுதான் இந்த அடுப்பையே வாங்கினேன்.

2

காஸ் அடுப்பு வைத்திருப்பவன் கொஞ்சம் சந்தேகப் பிராணியாக இருக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வரும்.

வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றுவேன். பர்னர் குழாய்க்குள் குளிர்காலத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். இந்த ஊர்ச் சிலந்திக்கு காஸ் வாசனை பிடிக்கும் போலிருக்கிறது. நீளமான கம்பிப் பிரஷ் விட்டு அதை இழுத்துப் போட வேண்டும். கூடு அடைத்திருந்தால் காஸ் மேலே போகாமல் கீழேயே நின்று பற்றிக்கொள்ளும். கொழுப்பு வழிந்து நிற்கும் தட்டைச் சுரண்டிக் கழுவ வேண்டும். ரப்பர் குழாயை விரலில் வளைத்து, எங்காவது வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி, சிலிண்டரைத் திறந்துவிட்டு, இணைப்புகள் மேலெல்லாம் பிரஷ்ஷால் தடவ வேண்டும். காஸ் கசிந்தால் அந்த இடத்தில் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற புத்திசாலிகளும் உண்டு. அவர்களைத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

என் மகள் மாலதிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மால். போன வருஷம் வரை சோப்புக் குமிழி பார்க்க என்னோடு உட்கார்ந்தாள். இந்த வருஷம் வேறு கவலை.

"அப்பா, இன்னிக்கி ஜூலியும் கேரனும் வராங்க. பார்பெக்யூக்குப் பொட்டு வைக்காதீங்க, ப்ளீஸ்."

"ஏன், அதுக்கு வலிக்குமா?"

"அவங்க சிரிப்பாங்க. யாரும் அவங்க வீட்டு பார்பெக்யூக்கு இப்படிப் பண்ணமாட்டாங்க."

அவள் இப்போதெல்லாம் தமிழை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அளந்து அளந்து பேசுகிறாள். ரகரம் நாக்கில் உருளுவதில்லை. ஊரில் இரண்டு வயதில் "இன்னாத்துக்கு" என்று கேட்ட வாய். நான் கோபப்படவில்லை. மூடிக்கு மட்டும் ஒரே ஒரு பொட்டு, அதையும் அவளே வைக்கலாம் என்று பேரம் முடிந்தது.

3

எமர்ஜென்சி வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, மாமல்லபுரம் கடற்கரையில் குடில் குடிலாகக் கட்டிய ஒரு ஹோட்டலில் நான் சமையல்காரன். கஜேந்திரன் மச்சான்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டவர். அவர் எனக்கு மூத்த சமையல்காரர். சரோஜா அப்போது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அவள் புதுப்பட்டினத்துப் பெண். அப்பா கட்டுமரம் போனவர், அவள் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணன்தான் அவளைப் படிக்கவைத்து நர்ஸாக்கினார். தங்கை என்றால் மனிதருக்கு உயிர். கல்யாணத்தன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, அவ கண்ணு கலங்கினா நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்றார். அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஹோட்டலில் வந்து தங்கிய ஒரு வெளிநாட்டுக்காரர், வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய காஸ் பார்பெக்யூவை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதன் குழாய் நம் சிலிண்டருக்குப் பொருந்தவில்லை. செங்கல்பட்டில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், நானும் மச்சானும் பக்கத்திலேயே நின்று பித்தளையில் ஒரு இணைப்பு கடைந்து வாங்கி வந்தோம். கடற்கரையில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே அதை நிறுத்தினோம். கொட்டகைக்குக் கீழே நிறுத்தினதே தப்பு. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு வெயிலில் நின்று வேகிறவர்கள் நாங்கள். யார் நிழலை விடுவார்கள்?

மற்றபடி நான் கவனமாகத்தான் இருந்தேன். அந்த வெளிநாட்டுக்காரர் போகும்போது எனக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். மூடியை மூடி வைத்துக்கொண்டு காஸைத் திறக்காதே, உள்ளே நிறைந்துவிடும், குச்சி வைத்தால் வெடித்துவிடும். மூடியை மூன்று முறை திறந்து மூடிக் காட்டினார். எனக்கு அது மனதில் பச்சை குத்தின மாதிரி நின்றது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வேலைக்காரர்களின் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். சரோஜாவும் மாலதியைத் தூக்கிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, மடியில் பூவும் அரைத்த சந்தனமுமாக வந்தாள். அடுப்பு, அண்டா, அரிவாள்மணை, குளிர்ப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பார்பெக்யூவுக்கும் மாலை. மச்சான் கற்பூரத்தட்டை எடுத்து வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்து, காஸ் சிலிண்டருக்கும் மூன்று சுற்று சுற்றினார். நல்லவேளை அது மூடியிருந்தது. காஸ் சிலிண்டருக்கே கற்பூரம் காட்டிய ஆட்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

பொட்டு வைக்கிற நேரத்தில் நான் அங்கே இல்லை. கரையில் கட்டுமரம் வந்துவிட்டது என்று வஞ்சிரம் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கற்பூரம் காட்ட எல்லோரும் தயாராக நின்றார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தாளிகளுக்காக அடுப்பைப் பற்றவைத்தேன். மூடியைத் திறந்தேன். மாலை இடறியதால் அதைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். குச்சியைக் கிழித்துவிட்டுத்தான் காஸ் குமிழைத் திருகினேன். பற்றிக்கொண்டது. ஆனால் ஜுவாலை வழக்கத்தை விட உயரம். ஒரு சீறல் சத்தம் கேட்டது. குமிழைக் குறைத்தேன், குறையவில்லை. கீழே ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டது, தீ அடியிலிருந்து கிளம்பியது. நான் அதற்குள் கையை விட்டு சிலிண்டரைத் திருகி மூடினேன். அதற்குள் கீற்று பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் போயிற்று. ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் வலது கை, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும், வெந்தது.

4

பத்தாம் நாள் விசாரணை. கையில் கட்டோடு மேனேஜர் அறைக்குப் போனேன். மேனேஜர், ஒரு டைப்பிஸ்ட், மச்சான். காஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ரெகுலேட்டர் கிடைக்காததால் காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நீ பக்கத்தில் இருந்தாய் அல்லவா, பார்த்ததைச் சொல்" என்றார் மேனேஜர்.

மச்சான் கைகட்டி நின்றார். "அவரு மூடியத் தொறக்காமயே காஸத் திருகிட்டாரு சார். அப்பறம் தொறந்துகினே குச்சி வெச்சாரு. நான் பாத்தேன்."

எனக்கு முதலில் அவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்றே புரியவில்லை.

"மச்சான், இன்னா சொல்ற நீ? நான் மூடியத் தொறந்து மாலையக் கயட்டி ஆணில மாட்டினத நீதான பாத்துகினு இருந்த?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். "நான் பாத்தத சொன்னேன் மாப்ள. என்ன ஒண்ணியும் கேக்காத."

டைப்பிஸ்ட் மூன்று பிரதி அடித்தான். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வாக்குமூலம் படித்துக் காட்டப்பட்டது என்பதற்கு மட்டும் ஒரு அடையாளம் வேண்டும், சம்மதம் என்று அர்த்தமில்லை என்றார்கள். வலது கையில் பேனா பிடிக்க முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் நான், என் இடது கைக் கட்டைவிரலை மையில் தோய்த்து மூன்று இடத்தில் அமுக்கினான் டைப்பிஸ்ட். அது சம்மதம் என்றுதான் பிறகு எல்லோராலும் படிக்கப்பட்டது. வேலை போயிற்று. நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது என்றுவிட்டார்கள். அடுத்த மாதம் மச்சான் சமையலறைக்கு மேற்பார்வையாளர் ஆனார். பதவிக்காகத் தங்கை புருஷனையே விற்றுவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். வேறு எப்படி முடிவு கட்ட முடியும்?

சரோஜாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் நாற்பது நாள், காலையும் மாலையும், என் கைக்கு மருந்து போட்டாள். பழைய துணியைச் சதையோடு ஒட்டாமல் நனைத்து நனைத்துப் பிரிப்பாள். விரல்கள் ஒட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுவாள். நான் அவள் அண்ணனைத் திட்டுவேன். அவள் குனிந்த தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை அண்ணனுக்காகப் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் என் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

5

நர்ஸ்களுக்கு இங்கே ஆள் தேவை என்று தெரிந்து சரோஜா விண்ணப்பித்தபோது, நான் அவளுடைய புருஷன் என்ற தகுதியில் பின்னாலேயே வந்தேன். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: கடைசி வேலையை விட்டதற்குக் காரணம். சென்னையில் ஒரு ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் அரைமணி நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் எழுதப் பயம். உண்மை எழுதினால் என் பக்கத்துக்குச் சாட்சி இல்லை. "தீ விபத்துக்குப் பின் நீக்கப்பட்டேன்" என்று எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் படித்துவிட்டு, என் கையைப் பார்த்துவிட்டு, "உங்க தப்பா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரோஜா பக்கத்தில் நின்றாள். அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறேன். கொஞ்ச நாள் என் இங்கிலீஷை யாரும் புரிந்துகொள்ளவில்லை, அவர்களுடையது எனக்கும் புரியவில்லை. டீ என்று கூப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு என்று அர்த்தம் என்பதே ஒரு வீட்டுக்குப் போய்ப் பட்டினியாகத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. பட்சணம் ஏதாவது கிடைக்கும் என்று நாலு மணிக்குப் போய் உட்கார்ந்து, ஐந்து மணிக்கு நாகரிகமாக எழுந்து வந்துவிட்டோம்.

மூன்று மாதத்துக்கு முன் ஊரிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. ஹோட்டலில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், மச்சானுக்கும் வேலை போகப்போகிறது. இங்கே ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு இடம் இருக்கிறது. இந்த ஊரில் குடியிருக்கும் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சரோஜா போட்டால் போதாதா என்றேன். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். குடும்பத்தில் இன்னொருவரும் வேண்டுமாம். படிவத்தில் எனக்கென்று ஒரே ஒரு கேள்வி: விண்ணப்பதாரர் நேர்மையானவர் என்று உங்கள் சொந்த அறிவில் சொல்ல முடியுமா?

நான் சிரித்துவிட்டேன். படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். சரோஜா மூன்று மாதமாக அதைப் பற்றிப் பேசுவதும் அழுவதுமாக இருந்தாள்.

"அண்ணன் எதையாவது நெனச்சித்தான் அப்டி சொல்லியிருக்கும். உடுங்களேன்" என்பாள்.

"நேர்ல வந்து, நீ மூடியத் தொறந்தன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உடனே போடறேன்" என்பேன்.

6

பூஜைக்கு ஒரு வாரம் முந்தி எங்கள் வீட்டு பார்பெக்யூ அடுப்பில் ஜுவாலை சரியாக வரவில்லை. குழாய் வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். கிரேக்க நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். என்னைவிடக் கொஞ்சம் முன்னால் வந்தவர் என்பதால் என் இங்கிலீஷ் அவருக்குப் புரிந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வட்டத்தின் நடுவில் கடுகு நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

"இது மூச்சு விடுகிற இடம்" என்றார். "பெயின்ட், மண், குளவிக்கூடு, எது அடைத்தாலும் ஆபத்து. உள்ளே இருக்கும் சவ்வு அசையாது. காஸ் அடங்காமல் சீறிக்கொண்டு வரும், குழாயையே பிடுங்கிவிடும்."

அவர் போன பிறகு நெடுநேரம் அங்கேயே நின்றேன். சீறல் சத்தம். குறைக்கக் குறையாத ஜுவாலை. பிடுங்கிக்கொண்ட குழாய். அன்றைக்கு நடந்ததை அந்த மனிதர் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார். அந்த ஓட்டையை அன்று எது அடைத்தது என்று யோசித்தேன். கடற்கரை மணலாக இருக்கும் என்று நினைத்தேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மச்சானுக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதி, மூஞ்சியில் எறிகிற மாதிரி அனுப்ப வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.

7

பூஜை அன்று காலை பத்து மணி இருக்கும். அடுப்பைக் கழுவித் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழி கூட இல்லை என்று பார்த்துவிட்டு எழுந்தேன். மாலதி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மூடிக்கு ஒரு பொட்டு வைத்தாள். எனக்கு ஆச்சரியம், அவளுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொன்று வைக்க இடம் தேடிக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு ஃபேஸ் இருக்கு. நெத்தி மாதிரியே" என்று சொல்லிக்கொண்டே ரெகுலேட்டரை நோக்கி விரலை நீட்டினாள்.

"மாலு, அங்க வெக்காத. அந்த ஓட்டைல வெக்காத."

குரல் பின்னாலிருந்து வந்தது. சரோஜா வழக்கம்போல் பத்தடி தள்ளி நின்றாள். கையிலிருந்த பூத்தட்டு சாய்ந்து பூ தரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் திரும்பினேன். பத்தடி தூரத்திலிருந்து அந்த ஓட்டை தெரியாது. குனிந்து மூக்கு படுகிற மாதிரி பார்த்தால்தான் தெரியும். அவள் நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த அடுப்பின் பக்கத்தில் போனதில்லை.

"மாலதி, உள்ள போய்க் கையக் கழுவும்மா" என்றேன். அவள் என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டுப் போனாள்.

"இன்னா ஓட்டை?"

சரோஜா சாய்ந்த தட்டை நிமிர்த்தினாள்.

"உனக்கு யாரு சொன்னாங்க சரோஜா?"

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டின பூவைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பேசிப் பழகிய பேச்சு இல்லை, புதுப்பட்டினத்துப் பேச்சு.

"நான்தான் வெச்சேன். அன்னிக்கி. நீங்க மீன் பாக்கப் பூட்டீங்க. வட்டமா நெத்தி மாரி இருந்திச்சி. நடுவுல பொட்டுக்குன்னே எடம் வுட்ட மாரி ஒரு குழி. சந்தனம் கெட்டியா இருந்திச்சி, நல்லா ஒட்டட்டும்னு அழுத்தி வெச்சேன்."

"கஜேந்திரனுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"மறுநாளு காஸ் கம்பெனி ஆளு வந்து, ரெகுலேட்டரு எங்க, அதுல ஒரு ஓட்டை இருக்கும், அது அடைச்சிகினு இருந்தாத்தான் இப்டி ஆவும்னு சொன்னாராம். நான் வெச்சத அண்ணன் பாத்துச்சி இல்ல? சாம்பல்ல அதத் தேடி எடுத்து கடல்ல வீசிட்டு, நேரா பஸ் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்திச்சி. நீங்க பெட்டுல மயக்கமா படுத்துகினு இருந்தீங்க. 'நீ வெச்ச பொட்டுதான் சரோ, வாயத் தொறக்காத. போலீசு கேசுன்னு ஆச்சின்னா கவர்மெண்டு வேல பூடும்'னிச்சி."

"அதுக்காக என் பேரச் சொன்னாரா?"

"காரணம் தெரியலன்னா அவங்க தோண்டிகினே இருப்பாங்கன்னு பயம். யாரு தப்புன்னு ஒண்ணு சொல்லிட்டா மூடிடுவாங்க. உங்களுக்கு எப்டியும் வேற வேல கெடைக்கும்னு..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் பூவைத் தட்டில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"நீங்க கோவக்காரரு. ஆத்திரத்துல எல்லாரு முன்னாடியும் என்ன சொல்லிப்புடுவீங்கன்னு அண்ணன் நெனச்சிச்சி."

"நீ இன்னா நெனச்ச?"

"நானும்தான்" என்றாள்.

8

எனக்குப் பொட்டு ஒரு பொருட்டே இல்லை. தெரியாமல் வைத்த பொட்டு. லேத் பட்டறையில் பித்தளை கடைந்தது, கீற்றுக்குக் கீழே அடுப்பை நிறுத்தினது, சிலிண்டருக்குக் கற்பூரம் காட்டினது எல்லாம் எங்கள் எல்லோருடைய மடத்தனமும்தான். அதில் அவளுடையது ஒரு விரல் சந்தனம்.

என்னால் தாங்க முடியாதது "நானும்தான்". என்னிடம் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கண் திறந்ததும் அண்ணனும் தங்கையும் என் காதோரம் குனிந்து, இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நானே மேனேஜர் அறைக்குப் போய், மூடியைத் திறக்காமல் பற்றவைத்தது நான்தான் என்று சொல்லியிருப்பேன். மூன்று பிரதியிலும் சந்தோஷமாகக் கட்டைவிரலை வைத்திருப்பேன். வேலை போயிருக்கும், சான்றிதழ் கிடைத்திருக்காது, எல்லாம் அதேபோலத்தான் நடந்திருக்கும். ஆனால் அது நான் என் மனைவிக்குச் செய்ததாக இருந்திருக்கும். அதைச் செய்யக்கூடியவன் நான் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நாற்பது நாள் என் விரல்களைப் பிரித்துப் பிரித்துக் கட்டினவளுக்கும் தோன்றவில்லை. இதை அவளிடம் சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னேன். அவள் அழுதாள்.

மத்தியானம் மாலதியின் சிநேகிதிகள் வந்துவிட்டார்கள். குழந்தைகளைப் பட்டினி போட முடியாது. ரெகுலேட்டரின் ஓட்டையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மூடியைத் திறந்து பின்னால் சாய்த்தேன். முதல் முறையாக சரோஜா பக்கம் திரும்பிப் பார்க்காமல் பற்றவைத்தேன். இனி யாருக்குக் காட்ட வேண்டும்? அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஜூலி என்ற பெண் மூடியிலிருந்த பொட்டைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். மாலதி அவள் நெற்றியில் வைத்துவிட்டு, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி நின்றாள். சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் இருந்த மிச்சம் எரிந்து அடங்கும் வரை நின்றேன். அதுதான் முறை.

பிறகு உள்ளே வந்து இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். விண்ணப்பதாரர் நேர்மையானவரா? அந்த மனிதர் எனக்குச் செய்தது துரோகம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று சொன்னதைச் செய்தார். தங்கைக்கு வார்த்தை தவறவில்லை. எனக்கு அவர் ஒன்றும் சத்தியம் செய்து கொடுத்தவர் இல்லை. "ஆம்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். தோல் இழுத்துக்கொண்ட விரல்களால் போடுகிற என் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும்.

சரோஜா மேசைக்கு எதிரே வந்து நின்றாள். கையெழுத்தைப் பார்த்தாள். அந்த நாற்பது நாளில் செய்த பழக்கத்தில், என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

படிவத்தை அவளிடம் கொடுத்தேன். இடது கையால்தான் கொடுத்தேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டாள்.